சிந்தாமல் சாப்பிடுவது எப்படி?

கலிஃபோர்னியாவின் போர்ட்டோலா ரெட்வுட்ஸ் மாநிலப் பூங்காவில் கூடாரம் போட இடம் பிடிப்பது, தட்கல் டிக்கெட் எடுப்பது மாதிரி. ஆறு மாதம் முன்பே, காலை எட்டு மணி அடிக்கும்போது கம்ப்யூட்டர் முன்னால் தவம் கிடக்க வேண்டும். வரம் கிடைத்த பிறகுதான் நிபந்தனை தெரிகிறது: சாப்பாட்டில் ஒரு துணுக்குகூடக் கீழே சிந்தக் கூடாது.

காரணம், மார்பிள்ட் மர்ரலெட் என்ற கடற்பறவை. பசிபிக்கில் மீன் பிடித்துப் பிழைக்கும் இது, முட்டையிட மட்டும் காட்டுக்குள் பறந்து வரும். முதிய ரெட்வுட் மரத்தின் உயரக் கிளையில், பாசி மேல் ஒரே ஒரு முட்டை. கூடு கட்டும் வேலையெல்லாம் கிடையாது. அது முட்டையிடும் இடம் நிபுணர்கள் பல காலம் தேடியும் அகப்படாமல், 1974-இல் பக்கத்து பிக் பேசின் பூங்காவில் கிளை கழிக்க மரமேறிய தொழிலாளி ஒருவர் கண்ணில் பட்டது. நாம் சிந்தும் தீனிக்கு ஸ்டெல்லர்ஸ் ஜே என்ற நீலப்பறவையும் அண்டங்காக்கையும் கூடும். வந்தவை சும்மா போகுமா? அந்த ஒற்றை முட்டையையும் தின்றுவிடும்.

நியாயமான சட்டம்தான். ஆனால் போட்டவர்கள் சாண்ட்விச் சாப்பிடுகிறவர்கள். ஓமப்பொடி என்பதே சிந்துவதற்காகப் பிழியப்படுவது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

போதாக்குறைக்கு நாங்கள் போன அன்று அமாவாசை. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் வாழையிலைத் துண்டில் தயிர்சாதத்தோடு எழுந்தார். எதிர்க் கிளையில் அண்டங்காக்கை தயாராக உட்கார்ந்திருந்தது.

"அத்தை, இங்கே காக்காய்க்குச் சோறு வைக்கக் கூடாதாம்."

"அப்போ உங்க மாமா பசியோட திரும்பிப் போகணுமா, மாப்பிள்ளை?"

மாமா உயிரோடிருந்தபோதே பசி பொறுக்காதவர். நான் வாயடைத்து நிற்க, அந்தப் பக்கம் வந்த பூங்காக் காவலர் பெண் முட்டைக் கதையைச் சொன்னார். என் மனைவி தமிழில் சொன்னாள்.

"ஒரே ஒரு முட்டையா?" என்றார் அத்தை. அதிலேயே கட்சி மாறிவிட்டார். மாமாவிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுவிட்டு, தயிர்சாதத்தை அவரே சாப்பிட்டார். நாங்கள் முந்நூறு அடி மரங்களை அண்ணாந்து பார்த்தபடி நடந்துவிட்டுத் திரும்பும்வரை, முந்தானையை வீசி நீலப்பறவைகளை விரட்டிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் மிக்சர் டப்பாவைத் திறந்தேன். காவலர்கூட அவ்வளவு கிட்டத்தில் வந்து பார்த்ததில்லை.

"மீசையில ஒண்ணு இருக்கு மாப்பிள்ளை. உள்ளே தள்ளுங்க."