மன அழுத்தப் படிவத்துக்கு மலையிலிருந்து பதில்

பெறுநர்: உற்பத்தித்திறன் பகுதி, தோட்டக் கம்பனித் தலைமையகம், கொழும்பு.
அனுப்புநர்: கொழுந்தெடுக்கும் பெண்கள், தெல்தோட்டைப் பக்கம், கண்டி மாவட்டம்.

மதிப்புக்குரிய துரை அவர்களுக்கு,

வேலைத்தளத்தில் மன அழுத்தத்தை அளக்க நீங்கள் அனுப்பிய படிவம் பெரட்டுக்களத்தில் கிடைத்தது. கொழும்பு ஆபீசில் நிரப்பி மிஞ்சியதாக இருக்குமோ என்று சிலர் சந்தேகப்பட்டார்கள். கணக்கப்பிள்ளை ஐயா அதட்டியதால் எல்லாக் கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் எழுதுகிறோம்.

இருக்கை வசதியாக உள்ளதா?
இருக்கை கிடையாது, சரிவு உண்டு. ஒரு காலை மேலேயும் மறு காலைக் கீழேயும் ஊன்றி நிற்கலாம். முதுகில் கொழுந்து, இடுப்பில் படங்கு, காலில் அட்டை. எல்லாம் உடம்போடு ஒட்டியே இருப்பதால் சாமான் தொலையும் கவலை இல்லை.

கழிப்பறை போதுமானதா?
ஏக்கர் கணக்கில் இருக்கிறது. கதவு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. இதற்காகவே காலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். நேர முகாமைத்துவம் என்று படிவத்தில் நீங்கள் எழுதியிருப்பது இதைத்தானே?

சக ஊழியருடன் உறவு எப்படி?
மனிதர்களோடு குறை இல்லை. குளவி, சிறுத்தை, காட்டுப்பன்றி மூன்றும் கூட்டு ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை. குளவி கொட்டினால் லொறி வரும்வரை மரத்தடியில் படுத்திருக்கலாம். ஓய்வு நேரம் குறித்த அடுத்த கேள்விக்கும் இதையே பதிலாக எடுத்துக்கொள்ளவும்.

உங்கள் உழைப்பு நியாயமாக மதிப்பிடப்படுகிறதா?
அதற்கென்றே தராசு இருக்கிறது. மழை நாளில் ஈரத்துக்கு ஒரு கழிவு, பைக்கு ஒரு கழிவு. வெயில் நாளில் ஈரம் காய்ந்துவிடும், கழிவு காயாது. 18 கிலோ நிறுத்தால் ஒரு பேர், அதாவது முழுநாள் சம்பளம். 17 என்றால் அரைப்பேர். ஒரு கிலோவில் பாதி ஆள் கரைந்துபோகும் இந்தக் கணக்கை எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கவில்லை.

உற்பத்தித்திறன் குறையக் காரணம் என்ன?
இதற்குப் பதில் எழுத ஒரு கோடுதான் விட்டிருக்கிறீர்கள். மன்னிக்கவும், பின்பக்கத்திலும் எழுதுகிறோம்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இதே கண்டிப் பக்கத்து லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். எங்கள் மலையில் நிற்கும் சில செடிகள் அவரை நேரில் பார்த்திருக்கும் போலிருக்கிறது. பழைய இயந்திரங்களுக்கு ஹந்தானை நூதனசாலையில் இடம் கொடுத்தவர்கள் இவற்றுக்கும் ஒரு மூலை ஒதுக்கலாம். ஆனால் நூதனசாலைப் பொருளிடம் யாரும் நாளுக்கு 18 கிலோ கேட்பதில்லை. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்தது. அதே வருடம் தடை போய்விட்டது, உர மூட்டைக்கு மட்டும் எங்கள் மலைக்கு வரும் வழி மறந்துவிட்டது. காடு வெட்ட ஆளில்லை என்கிறீர்கள். மானாப் புல்லுக்குள் செடியைத் தேடிப் பிடிக்கவே வெயில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் கொழுந்து.

கொழுந்து குறைந்தால் எங்கள் கை சோம்பல். கூடினால் உங்கள் முகாமைத்துவம்.

ஊக்குவிப்பு போதுமானதா?
2016 கூட்டு ஒப்பந்தத்தில் உற்பத்தித்திறனுக்கு 140 ரூபாய், வருகைக்கு 60 ரூபாய் என்று விலை போட்டார்கள். 2019 ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ஆனது, அந்த இரண்டும் காணாமற்போயின. 2024இல் அடிப்படை 1350 ஆனபோது உற்பத்தித்திறன் 350 ரூபாயாக வளர்ந்து பேச்சுக்குத் திரும்பியது. 2026 வரவு செலவுத் திட்டத்தில் அடிப்படை 1550, வருகைக்கு 200. இந்த 200ஐத் தருவது அரசாங்கம். நாங்கள் உங்கள் மலைக்கு வேலைக்கு வருவதற்கு அரசாங்கம் காசு கொடுக்கிறது என்றால், வேலைத்தளத்தின் கவர்ச்சியை அளக்க வேறு படிவம் எதற்கு?

கடைசியாக ஒரு யோசனை. உங்கள் படிவத்தில் நிர்வாகத்தின் உற்பத்தித்திறனுக்குக் கட்டம் இல்லை. அடுத்த முறை அச்சடிக்கும்போது சேர்த்துவிடுங்கள்: இந்த வருடம் எத்தனை தடவை காடு வெட்டியது, எத்தனை தடவை உரம் போட்டது, எந்த மலையில் கவ்வாத்து, எத்தனை ஏக்கரில் புதுக்கன்று. மாதக் கடைசியில் கொழுந்து மடுவத்தில் வைத்து நாங்களே நிறுத்துப் பார்க்கிறோம். ஈரத்துக்குக் கழிக்கமாட்டோம். ஆனால் ஒரு கிலோ குறைந்தாலும் துரைமாருக்கும் அன்றைக்கு அரைப்பேர்தான்.

இப்படிக்கு,
செக்ரோலில் இலக்கமாக உள்ளவர்கள்