சுடலைமுத்து (2)

எங்கள் குடும்பத்தில் தலைமகன்கள் இரண்டே வகை. சுடலைமுத்துகள், இசக்கிமுத்துகள். அப்பா சுடலைமுத்து என்றால் மகன் இசக்கிமுத்து, பேரன் மறுபடியும் சுடலைமுத்து. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது திருநெல்வேலிப் பக்கம் புதிதில்லை. ஆனால் இனிஷியலும் கூடவே சுற்றி வருகிறது என்பதைக் கம்ப்யூட்டர்தான் காட்டிக்கொடுத்தது. தாத்தா இ. சுடலைமுத்து. அப்பா சு. இசக்கிமுத்து. தம்பி இ. சுடலைமுத்து. தாத்தா படமும் தம்பி படமும் ஒரே ஃபோல்டருக்குள் போனதும் விண்டோஸ் கொஞ்சம் தயங்கி, தம்பி பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 2 என்று போட்டது. இரண்டாம் சுடலைமுத்து. பாண்டிய மன்னர்களுக்கே இந்த எண் மரியாதை, செத்துப் பல நூற்றாண்டுக்கு அப்புறம் வரலாற்றாசிரியர்கள் கையால்தான் கிடைத்தது. தம்பிக்கு உயிரோடு இருக்கும்போதே கிடைத்துவிட்டது.

குடும்பப் படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் இந்த வேலை என் தலையில் விழுந்ததற்கு 2023 டிசம்பர் வெள்ளம் காரணம். தாமிரபரணி வீடு வீடாக வந்து விசாரித்துவிட்டுப் போன பிறகு, பீரோவின் அடித்தட்டில் இருந்த கல்யாண ஆல்பங்கள் பக்கத்தோடு பக்கம் ஒட்டி ஒற்றைப் பலகையாகிக் கிடந்தன. மிச்சத்தையாவது ஸ்கேன் செய்வோம் என்று இறங்கினேன். ஃபிரேமுக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை உரிக்கக் கூடாது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்ய வேண்டும். அப்படிச் செய்ததில், கொள்ளுத் தாத்தா நெற்றியில் வெள்ளிக்கிழமைதோறும் அப்பிய சந்தனமும் குங்குமமும் 600 டிபிஐயில் பொருக்குப் பொருக்காகத் தெரிகின்றன. கொள்ளுத் தாத்தாதான் அவ்வளவாகத் தெரியவில்லை.

ஃபைலுக்குப் பெயர் வைக்கும் விதி என்னவோ சுலபம்தான். முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு நாள்; அப்போதுதான் கம்ப்யூட்டர் காலவரிசையில் அடுக்கும். ஐ.எஸ்.ஓ. 8601 என்று 1988-இல் உலகத்துக்கே பொதுவாக எழுதிவைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் தேதி என்றால், ‘எம்.ஜி.ஆர். செத்த மறுவருஷம்’, ‘தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோனதுக்கு முன்ன’. இவற்றையாவது 1988, 1964 என்று மாற்றிவிடலாம். தாத்தாவின் ஜாதக நோட்டுதான் படுத்தியது. தேதி இருக்க வேண்டிய இடத்தில் ‘1104 தை’ என்று இருந்தது. உதவிக்கு வந்த அத்தை பேரன் அதை அப்படியே அடித்துவிட்டான். கம்ப்யூட்டரும் எதிர்க்கேள்வி கேட்காமல் தாத்தாவைக் கொண்டுபோய் முதலாம் குலோத்துங்கன் ஆட்சியில் உட்காரவைத்தது. கலிங்கப் போருக்குப் போகாததுதான் குறை.

அது கொல்லம் ஆண்டு. கி.பி. 825-இல் தொடங்கும் கணக்கு. தென்பாண்டிச் சீமையின் பழைய ஏடுகளிலும் ஜாதகங்களிலும் இதுதான் ஓடும். 1104 தை என்றால் 1929-ஆம் வருஷத் தொடக்கம். சரி, தீர்ந்தது என்று அடுத்த ஜாதகத்தை எடுத்தால், ‘விபவ வருஷம், தை மாதம், இ. சுடலைமுத்து’ என்று மட்டும் இருக்கிறது. தாத்தா நோட்டிலும் விபவ வருஷம் தை மாதம்தான். நம்முடைய வருஷப் பெயர்கள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும். எங்கள் வீட்டுச் சுடலைமுத்துவும் ஏறக்குறைய அறுபதுக்கு ஒருமுறைதான் திரும்பி வருகிறார். 1929 விபவ வருஷத்தில் ஒருவர், 1989 விபவ வருஷத்தில் ஒருவர். இரண்டாவது நோட்டின் பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சாகியிருந்ததை வைத்துத்தான் இது தம்பியுடையது என்று பிரித்தேன்.

படங்களுக்குப் பின்னால் யாராவது எழுதியிருப்பார்களா என்று திருப்பிப் பார்த்தால், அம்மாவின் கையெழுத்து: ‘தாத்தா, மூன்று வயது, குற்றாலம்.’ ஜட்டியோடு அருவிக்கு முன்னால் அழுதுகொண்டு நிற்பவன் தம்பி. மாமனார் பெயரை வாயால் சொல்லக் கூடாது, அந்தப் பெயர் கொண்ட மகனையும் கூப்பிடக் கூடாது; ஆகவே அம்மாவுக்கு அவன் பிறந்த அன்றிலிருந்து தாத்தா.

ஆச்சியிடம் போனேன். தொண்ணூறைத் தாண்டியவள், கண் இன்னும் கூர்மை. கோட்டுப் போட்ட மீசைக்காரர் ஒருவரின் படத்தைக் காட்டினேன்.

“இது யாரு ஆச்சி?”

“அவுகதாம்.”

“அவுகன்னா? பேரைச் சொல்லு, எழுதணும்.”

“ஏட்டி, எவளாவது புருஷன் பேரச் சொல்லுவாளா? ஊருக்கு வெளிய அருவாளோட நிக்காருல்லா, அந்தச் சாமி.”

“ஐயனாரா?”

“அது அவுக தம்பி பேருல்லா.”

“அப்ப இந்தா, இதுலயும் கோட்டுப் போட்டிருக்காரே, இதும் தாத்தாவா?”

“அதுதாம் அவுக தம்பி. கோட்டு ஸ்டுடியோக்காரனுது.”

வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தேன். தாத்தா, அவர் தம்பி, இன்னும் பெயர் தெரியாத ஒருவர், மூன்று பேர் மேலும் ஒரே கோட்டு. இரண்டாவது பொத்தான் இல்லை. தாத்தாவுக்கு மணிக்கட்டுக்கு ஒரு சாண் முன்னாலேயே கை முடிந்துவிடுகிறது. தம்பிக்கு விரல் நுனி மட்டும் வெளியே தெரிகிறது.

உறவுமுறையைப் பெயரில் சேர்த்தால் குழப்பம் தீருமென்று பார்த்தால், ‘சித்தப்பா கல்யாணம்’ என்று நான் எழுதியது என் பிள்ளைக்குத் தாத்தா கல்யாணம், மதினிக்கு மாமனார் கல்யாணம். முறையை விட்டு எண் கொடுக்கலாம் என்று அடுத்த யோசனை. 1898-இல் ஸ்டிராடோனிட்ஸ் என்ற ஜெர்மானியர் பரப்பிய முறை ஒன்று உண்டு. நான் 1. யாராக இருந்தாலும் அவர் எண்ணை இரண்டால் பெருக்கினால் அப்பா; அதோடு ஒன்றைக் கூட்டினால் அம்மா. அப்பா 2, அம்மா 3, அப்பாவைப் பெற்ற ஆச்சி 5. எவ்வளவு அழகு! ஆனால் எங்கள் அப்பா கட்டியது அக்காள் மகளை. அந்த அக்கா, அதாவது அம்மாவைப் பெற்றவள், 7. அவளைப் பெற்றவள் 15. பதினைந்தாம் எண்ணில் யார் என்று பார்த்தால் அதே ஆச்சி, வெற்றிலை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இந்த ஸ்டிராடோனிட்ஸின் அப்பாதான் பென்சீன் மூலக்கூறு வளையமாக இருக்கிறது என்று கண்டுசொன்ன வேதியியலார் கெக்குலே. மகன் வகுத்த முறையில் எங்கள் வீட்டைப் போட்டால் அப்பாவின் வளையம் வருகிறது. ஐரோப்பிய அரச குடும்பங்களிலும் இப்படி ஒரே ஆளுக்கு இரண்டு எண் விழுவதுண்டு என்று தெரிந்ததிலிருந்து இரண்டாம் சுடலைமுத்துவின் நடையே மாறிவிட்டது.

சித்தப்பாவின் கவலை வேறு. மறைந்தவர்களை மொட்டையாகப் பெயர் சொல்லக் கூடாது, ‘தெய்வத்திரு’ போட வேண்டும் என்றார். யூனிகோடின் யூ.டி.எஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட். மெய்யின் புள்ளிக்கும் கொம்புக்கும் தனித்தனியாக மூன்று மூன்று. ‘தெய்வத்திரு’ என்று மரியாதை செய்தாலே 33 பைட் செலவு. போனில் ஒரு ஃபைல் பெயருக்கு மொத்த ஒதுக்கீடே 255. நான்கு பேர் நிற்கும் படத்தில் நால்வரும் தெய்வத்திருவாகிவிட்டால் ஊர்ப் பெயருக்கு இடம் இருக்காது.

முகம் பார்த்துப் பிரிக்கும் வசதி போனில் இருக்கிறதே என்பீர்கள். அது தாத்தாவும் தம்பியும் ஒரே ஆள் என்று முடிவுகட்டியது. ஆச்சிக்கு மட்டும் அந்தத் தீர்ப்பில் முழுத் திருப்தி. எங்கள் வீட்டில் அதிகப் படங்களில் இருப்பவர் என்று அது கண்டுபிடித்தது, கூடத்துச் சுவரில் காலண்டரில் நிற்கும் முருகனை.

கடைசியில் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்தேன். அதில் படத்தைப் படமாக அனுப்பினால் எடுத்த தேதி உதிர்ந்துவிடும். அனுப்பிய தேதியைப் போட்டு அதுவே ஒரு பெயரும் வைத்துவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் பெயர் பிழைக்கும். ஆகவே எழுதினேன்: “எல்லாரும் டாக்குமென்டாக அனுப்பவும். முழுப்பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி கட்டாயம். பெயர் வைக்கும் விதி கீழே.”

எல்லாருடைய டிக்கும் நீலமானது. யாரும் வாய் திறக்கவில்லை. ராத்திரி சித்தப்பா கூப்பிட்டார்.

“என்னம்மா, திடீர்னு டாக்குமெண்டு கேக்க? வடக்குவயல் பேச்சு ஏதும் வந்திருக்கா?”

போட்டோவைத்தான் சொன்னேன் என்று எவ்வளவோ சொன்னேன். “போட்டோதாம், போட்டோதாம்” என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டார். காலையில் பார்த்தால், நான் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுகிறேன் என்று செய்தி தென்காசி வரை போயிருக்கிறது. பெண்பிள்ளைக்கும் பங்குண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்துவிட்டதால், கேட்பது நான் என்பது சந்தேகத்தை இன்னும் கெட்டிப்படுத்திவிட்டது.

அதற்குப் பிறகு நான் யாரையும் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறப்புச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், ஆதாரின் முன்பக்கம் பின்பக்கம், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட். ஐயனார் தாத்தா வழியில் யாரிடமும் பேச்சுவார்த்தையே கிடையாது. அங்கிருந்து நான்கு தலைமுறை வம்சாவளி நோட்டரி முத்திரையோடு வந்தது. கோட்டுப் போட்ட அந்த மூன்றாம் ஆள் யாரென்றும் அதில் இருந்தது. பிறந்த தேதி, இறந்த தேதி, மனைவி மக்கள் பெயர், ஒன்றும் விடுபடவில்லை.

சித்தப்பாவுடையது ஒரே ஒரு ஃபைல். நான் சொன்ன விதி ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் பெயர் வைத்திருந்தார்: 1963-06-12_இ-சுடலைமுத்து_கிரயப்பத்திரம்_வடக்குவயல்_இதில்-எனக்கும்-பாதி.