ஃபிட் டு பேப்பர் பெருமானே!

அம்பத்தூர் ஓ.டி., ஆவடி செக்போஸ்ட், பூந்தமல்லி கரையான்சாவடி என்று பிளான் அச்சடிக்கும் பிளாட்டர் உள்ள கடையெல்லாம் குடிகொண்டிருக்கும் 'ஃபிட் டு பேப்பர்' கட்டமே, உன் கருணையை என்னவென்று புகழ்வேன்!

பிளான் வரையும் மென்பொருளான ஆட்டோகேட் 1982இல் வந்தது. அதில் வீட்டை முழு அளவில் வரைகிறார்கள். தாளில் இறங்கும்போதுதான் அது நூறில் ஒன்றாகச் சுருங்க வேண்டும். அந்தக் கறார்க் கணக்கை ஒரே டிக்கில் தளர்த்திவிடுகிறாயே, எத்தனை பெரிய மனது உனக்கு! ஏ1 தாளுக்கு அமைத்த பிளானை ஏ3இல் எடுத்தால் நீளம் பாதி, அகலம் பாதி. அரை கிரவுண்டு மனையை ஸ்கேல் வைத்து அளந்தால் 1,200 சதுர அடிக்குப் பதில் 300தான் வரும். வீட்டுக்கடன் மட்டும் முழு அளவிலேயே நிற்கிறது. வங்கிக்கு உன் அருள் இன்னும் எட்டவில்லை போலும். ஆனால் தாளின் மூலையில் '1:100' என்ற எழுத்தை நீ மாற்றுவதே இல்லை. கொடுத்த வாக்கு தவறாத உத்தமன் நீ.

அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது, ஆவடி 2019இல் தானே மாநகராட்சி ஆனது, பூந்தமல்லி நகராட்சி. பிளானுக்கு அனுமதி தரும் அலுவலகம் எதுவானால் என்ன, எல்லார் பிளானையும் வேற்றுமை பாராமல் குறைக்கிறாய். விண்ணப்பம் இணையத்துக்குப் போனதும் உனக்கு வேலை போய்விடுமோ என்று பதறினேன். பிடிஎஃப் பிரிண்ட் கொடுக்கும் இடத்திலும் 'ஃபிட்' என்ற பெயரில் முந்திக்கொண்டு நிற்கிறாய்! அங்கே உன் அடக்கம்தான் அழகு. பாதியாக்கினால் எவனாவது கண்டுபிடித்துவிடுவான் என்று, தாளோரத்தைச் சாக்காக வைத்து நூற்றுக்கு மூன்று மட்டும் குறைக்கிறாய். எழுதாமல் விட்ட அளவை மேஸ்திரி ஸ்கேல் வைத்து எடுக்கிறார். பத்தடி அறை ஒன்பதடி எட்டங்குலம் ஆகிறது. உன் கைவண்ணம் வெளியே தெரிய, கட்டில் வந்து இறங்க வேண்டும். எழுதிய எண்ணை மட்டும் பார், தாளை அளக்காதே என்று ஆர்க்கிடெக்டுகள் சொல்வது பொறாமையில்தான்.

உன்னை அணைத்துவிட்டால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களை உன் தம்பி யூனிட் பார்த்துக்கொள்கிறான். நம் ஊரில் வரைவது அடி அங்குலத்தில், பிரிண்ட் பெட்டி கேட்பது மில்லிமீட்டரில். அங்குலத்தில் வரைந்த பிளானுக்கு '1 மி.மீ. = 100 யூனிட்' என்று தட்டிவிட்டால், 30க்கு 40 அடி மனை 3.6க்கு 4.8 மில்லிமீட்டராகி, 841க்கு 594 மி.மீ. தாளின் நடுவே துவரம்பருப்பாய் உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் எவ்வளவு செட்பேக்! எந்த அதிகாரி குறை சொல்ல முடியும்? கடைக்காரரும் அந்தப் பருப்புக்கு முழுத் தாளின் காசைத்தான் வாங்குகிறார், அத்தனை மரியாதை.

உனக்கு ஒரே ஒரு எதிரி. சில அதிகப்பிரசங்கிகள் பிளானுக்குக் கீழே ஐந்து மீட்டர் என்று ஒரு கோடு இழுத்து, கட்டம் கட்டமாகக் கறுப்படித்து வைக்கிறார்கள். நீ எவ்வளவு சுருக்கினாலும் அதுவும் கூடவே சுருங்கி, உன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 1:100 என்று வாயால் சொன்னால் போதாதா? எதற்கு அந்தக் கோடு, வீண் மைச்செலவு!