விமானியை உதிரிபாகமாக அறிவிக்கக் கோரும் மனு

பெறுநர்: அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பென்டகன்.

பொருள்: தரைப்படை ஹெலிகாப்டர் விமானிகளின் போர்முனைப் பணிச் சுழற்சி – சுழலிறகுகளுக்கு இணையான சலுகை கோருதல்.

ஒரு படைப்பிரிவு களத்தில் இருக்கும் காலமும், மறுபடி புறப்படும்வரை ஊரில் இருக்கும் காலமும் சேர்ந்ததே பணிச் சுழற்சி. முழுநேரப் படையினருக்குத் தரைப்படை வைத்த இலக்கு, ஓராண்டு களம், ஈராண்டு வீடு. இலக்கு குறி பார்ப்பதற்கே. எட்டியாக வேண்டும் என்று விதி இல்லை.

2007 ஏப்ரலில் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்முனைகளில் தரைப்படையினரின் பணிக்காலத்தை 12 மாதத்திலிருந்து 15 மாதமாக நீட்டினார். திரும்பி வந்தால் வீட்டில் 12 மாதம் உறுதி. ஒன்றுக்கு இரண்டு என்ற கணக்கு இவ்வாறு ஒன்றுக்கு ஒன்றைவிடக் குறைந்தது. கூடுதல் மாதம் ஒவ்வொன்றுக்கும் 1,000 டாலர் தரப்பட்டதால், குழந்தையின் பிறந்தநாளுக்கும் விலை நிர்ணயம் ஆயிற்று. அதே போரில் மரைன் படையினருக்கு வழக்கமான தவணை 7 மாதம். விமானப்படையினர் பலருக்கு 4 மாதம். புழுதி ஒன்றாயினும் நாள்காட்டி சீருடையைப் பார்த்தே கிழிக்கப்படும் என்பது இதனால் பெறப்படும்.

களத்தில் இருந்த அளவு காலமாவது வீட்டில் இருக்கட்டும் என்று செனட்டர் ஜிம் வெப் 2007இல் திருத்தம் கொண்டுவந்தார். நூறு பேர் அவையில் 56 பேர் ஆதரித்தனர். 60 தேவைப்பட்டதால் திருத்தம் தோற்றது. ஓய்வு தேவை என்பதில் பெரும்பான்மைக்கு ஐயமில்லை. கணக்கில்தான் நான்கு குறைந்தது. 2008 ஆகஸ்டில் தரைப்படையின் தவணை மீண்டும் 12 மாதமானது.

ஹெலிகாப்டரின் நிலை வேறு. களத்திலிருந்து திரும்பியதும் அதைப் பிரித்து, மணல் நீக்கி, தேய்ந்ததை மாற்றுகின்றனர். சுழலிறகு ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் பதிவேடும் உண்டு. ஒரு ஹெலிகாப்டரிலிருந்து கழற்றி மற்றொன்றில் பொருத்தினாலும் பறந்த மணிக்கணக்கு அதன் கூடவே செல்லும். வரம்பு வந்ததும் எந்தத் தளபதி கேட்டாலும் அது பறக்காது.

விமானிக்கு இக்கொடுப்பினை இல்லை. சுழற்சி பிரிவின் பெயரில் எழுதப்படும்போது, பழைய பிரிவுடன் களம் கண்டு திரும்பி, புறப்படவிருக்கும் வேறு பிரிவுக்கு மாற்றலாகும் விமானி, புதிய பிரிவு ஓய்வெடுத்துவிட்டது என்ற காரணத்தால் தாமும் ஓய்வெடுத்தவர் ஆகிவிடக்கூடும். கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் கூடாரமடித்துப் பயிலும் வாரங்களும் ‘வீட்டில் இருந்த காலம்’ என்றே பதிவாகின்றன.

ஆகவே கோரப்படுவன:

1. களக் கணக்கு பிரிவை விட்டு ஆளைத் தொடர வேண்டும்.
2. பாலைவனத்தை வீடு எனக் குறிப்பது நிறுத்தப்பட வேண்டும்.
3. ஒரே போர்முனையில் ஒரே நாள்காட்டி தொங்க வேண்டும்.
4. இவை இயலாதெனில், விமானியை உதிரிபாகம் என அறிவிக்க வேண்டும். ஏனையவை தாமாக நடக்கும்.

இணைப்பு: சுழலிறகுப் பதிவேட்டுப் படிவம் – 1. வரிசை எண்ணுக்கான கட்டத்தில் ஒரு பெயரும் அடங்கும்.