நடக்கும் பூவரசு

யாழ்ப்பாணத்தில் மரங்கள் நடக்கும். அதிலும் பூவரசு நன்றாக நடக்கும். மாரி மழையோடு எல்லையில் வேலித்தடியாக நட்ட பூவரசங் கதியால் ஒன்று, அடுத்த வேலியடைப்புக்குள் நாலு விரற்கடை தள்ளிப் பக்கத்து வளவுக்குள் நிற்பதை அங்கே பலர் கண்டிருக்கிறார்கள். அது நடந்து போனதைக் கண்டவர்தான் எவரும் இல்லை.

"அண்ணை, உந்தக் கதியால் போன வருசம் உதிலேயோ நிண்டது?"

"மரமெண்டால் பருக்கும்தானே, தம்பி."

தாவரவியல்படி பதில் சரிதான். அது ஏன் எப்போதும் தம்பியின் பக்கமாகவே பருக்கிறது என்பதற்குத்தான் அண்ணையிடம் விளக்கம் இருக்காது.

நாலு விரற்கடைக்கு இவ்வளவு பாடா என்று வெளியூர்க்காரர் சிரிக்கலாம். ஆனால் அங்கே காணியை அளப்பதே பரப்பில்; 16 பரப்புச் சேர்ந்தால்தான் ஒரு ஏக்கர். அந்த ஏக்கரும் தாத்தா காலத்துக் கதை. பெண் பிள்ளைகளுக்குச் சீதனமாக வெட்டி வெட்டிக் கொடுத்தபின் மிஞ்சுவது இரண்டு பரப்பு, ஒரு கிணற்றில் பங்கு, நாலு பக்கமும் சொந்தக்காரர். சண்டை பிடிக்க இதைவிட வசதி வேறென்ன வேண்டும்? ஒல்லாந்தர் 1707இல் தொகுத்து முடித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையிலேயே அடுத்தவன் காணிக்குள் சாயும் மரங்களைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டது. பிறகு வந்த ஆங்கிலேயர் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் இன்னொரு வழியைத் திறந்துவிட்டார்கள்: எதிர்ப்பின்றி, இடையூறின்றிப் 10 வருடம் ஒரு காணியைத் தன்னுடையதாக ஆண்டவர் அதற்கு உரிமை கோரலாம். பூவரசுக்கு இந்தச் சட்டத்தை யார் படித்துக் காட்டினார்களோ தெரியாது. அவசரப்படாமல், அடுத்த வீட்டுக்காரர் கொழும்பில் உத்தியோகமாக இருக்கும் காலமாகப் பார்த்து அது நடக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இப்படிச் சண்டை பிடிப்பவர்கள் ஒருவரை ஒருவர் பகைத்துக்கொண்டு வேலி கட்ட முடியாது.

வேலியடைப்பு என்பது ஒரு நாள் வேலை அல்ல. பூவரசு, கிளுவை, முள்முருக்கு என்று வேர்பிடிக்கும் தடிகளாகப் பார்த்து நடவேண்டும். தென்னோலையை நடுவே கிழித்து, தண்ணீரில் ஊறப்போட்டு, கிடுகு பின்ன வேண்டும். வசதிக்கேற்பப் பனையோலையும் உண்டு. பழைய வேலியைப் பிரித்தால் உக்கிய ஓலை குப்பைக்குப் போகாது. தோட்டத்தில் தாட்டால் பசளை. கதியாலின் கொப்பை வெட்டினால் குழை ஆட்டுக்கு. பூவரசம் இலையைச் சுருட்டிப் பிள்ளைகள் பீப்பீ ஊதுவார்கள், வீட்டில் யாராவது மத்தியானம் படுக்கிற நேரமாகப் பார்த்து. வேலி என்று பெயரே தவிர, பசளைக் கிடங்கு, தீவனக் கடை, வாத்தியக் குழு எல்லாம் அதற்குள் அடங்கும்.

இவ்வளவும் ஆனபின் வருவது கட்டு. கிடுகை நிறுத்தி, வரிச்சுத் தடி வைத்து, குத்தூசியில் நாரைக் கோத்து ஒருவர் இந்தப் பக்கமிருந்து குத்த வேண்டும். மற்றவர் அந்தப் பக்கம் நின்று வாங்கித் திருப்பிக் குத்த வேண்டும். "குத்து... இழு... மெல்ல, என்ரை கண்ணைக் குத்திப்போடாதை!" அந்தப் பக்கம் என்பது எதிராளியின் வளவு. அங்கே ஓர் ஆள் நிற்க வேண்டுமானால் எதிராளியின் அனுமதி வேண்டும். பல வேளைகளில் எதிராளியே வேண்டும். எல்லைத் தகராற்றுக்கு வழக்குப் போட்ட இருவர் ஒரே நாரின் இரு முனையைப் பிடித்து இழுக்கும் காட்சியை எந்தச் சமாதானக் குழுவும் ஏற்பாடு செய்துவிட முடியாது.

கட்டி முடிந்த வேலியில் ஒரு பொட்டு, அதாவது ஓட்டை, விழும். கோழி போட்ட பொட்டு நாய்க்கு ஆகும், நாய்க்கு ஆனது பிள்ளைகளுக்கு ஆகும். பிறகு அதன் வழியாகக் கறிச்சட்டி போய்வரும். கல்யாண வயதில் ஆட்கள் இருந்தால் கடிதமும் போய்வரும். போர்க்காலச் சுற்றிவளைப்புகளில் இளைஞர்கள் றோட்டில் கால் வைக்காமல் வளவுக்கு வளவு தப்பி ஓடியதும் இந்தப் பொட்டுகளால்தான். வேலியை ஒழுங்காக அடைக்கவில்லை என்று ஏச்சு வாங்கிய சோம்பேறிகளுக்கு அன்றைக்கு உரிய மரியாதை கிடைக்கவில்லை.

வேலி புனிதமான பொருள் என்று சொல்ல வரவில்லை. பெண்களை உள்ளே வைத்ததும் அதுதான், சாதி பார்த்து ஆளைப் படலையோடு நிறுத்தியதும் அதுதான். யாழ்ப்பாணச் சமூகத்தின் போக்கையே 'கிடுகு வேலிக் கலாசாரம்' என்று சொல்கிற அளவுக்கு வந்தது.

காங்கேசன்துறையில் 1950 முதல் சீமெந்து ஆலை இயங்கியும் கிடுகு அசையவில்லை. 1990இல் போரோடு ஆலை மூடியது. வடக்குக்கு அரசு விதித்த பொருளாதாரத் தடையில் சீமெந்தும் சேர, மதில் ஆசை வைத்திருந்தவர்களும் கிடுகே கதி என்று இருந்தார்கள். 2009இல் போர் முடிந்து, தெற்கிலிருந்து வரும் ஏ9 வீதி மீண்டும் திறந்தது. வெளிநாட்டுக் காசும் வர, தகரமும் சீமெந்துக் கல்லும் எழும்பத் தொடங்கின. மதிலைக் கறையான் அரிக்காது, வருடா வருடம் பிரித்துக் கட்டவும் வேண்டாம். கனடாவில் இருப்பவருக்கு இதைவிட நல்ல எல்லைக் காவல் கிடையாது. ஆனால் ஆட்டுக்குக் குழை கடையில் வாங்க வேண்டும். கறிச்சட்டி றோட்டைச் சுற்றி வரவேண்டும்; அதற்குள் ஆறிவிடும்.

ஆகவே இந்த வருடம் ஊருக்குப் போய் மதில் எழுப்ப இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உறுதியை எடுத்துக்கொண்டு நில அளவையாளரைக் கூப்பிட்டு, பக்கத்து வளவுக்காரரையும் வைத்துக்கொண்டு எல்லைக்கல் போட்டபின் அத்திவாரம் வெட்டுங்கள். மதில் பருத்துப்போச்சு என்று சொன்னால் எந்த நீதவானும் நம்பமாட்டார்.