மாணவரின் கவனக்குறைவு

வீட்டுக் குக்கருக்கு விசில் உண்டு. அது அடைத்துக்கொண்டால் உருகி வழிவிட ஒரு சேஃப்டி வால்வும் உண்டு. ஆய்வகத்தில் நைட்ரிக் அமிலத்தை ஊற்றி மூடுகிற சின்ன ஆட்டோகிளேவில் பெரும்பாலும் இரண்டும் கிடையாது. வெளியே ஸ்டீல், உள்ளே டெஃப்லான் குப்பி, மேலே திருகுமூடி. 200 டிகிரியில் வெறும் தண்ணீரே காற்றழுத்தத்தைப் போல் 15 மடங்கு முட்டும். அமிலத்தோடு கொஞ்சம் ஆல்கஹால் சேர்ந்தால் கிளம்பும் வாயு எந்தக் கணக்குக்கும் அடங்காது.

விதிகள் ஒரு தாளில் அடங்கும். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதே. டெஃப்லான் இளகும் அளவுக்குச் சூடேற்றாதே. முழுக்க ஆறாமல் திறக்காதே. ஆற ஓர் இரவு ஆகும். கைடுக்கு அது பொறுக்காது. திங்கட்கிழமை டேட்டா வேண்டும். அவருக்குப் பேப்பர், நிர்வாகத்துக்கு ரேங்க், ஸ்காலருக்கு மாதக்கணக்கில் வராத ஃபெல்லோஷிப். பையன் என்ன செய்வான்? பாத்திரத்தைக் குழாயடியில் காட்டிவிட்டு, முகத்துக்கு நேரே பிடித்து ஸ்பானர் போடுகிறான். கையில் மெல்லிய நைட்ரைல் உறை. அடர் நைட்ரிக் அமிலம் அதைத் தின்ன அதிக நேரம் எடுக்காது.

பாறையைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் அலமாரியில் தயாராக இருக்கிறது. தோலில் பட்டால் தடவ வேண்டிய கால்சியம் குளுக்கோனேட் களிம்பு? இண்டெண்ட் போட்டாயிற்றாம். ஃப்யூம் ஹூடுக்குள் பழைய பாட்டில்கள். அதன் விசிறி இன்ஸ்பெக்ஷன் வாரத்தில் மட்டும் சுற்றும். அந்த வாரம் சுவருக்குப் பெயின்ட், வாசலுக்குக் கோலம், 'பாதுகாப்பே முதன்மை' என்று புதுப் பலகை. களிம்புக்கு இல்லாத காசு பலகைக்கு வந்துவிடும்.

2018 டிசம்பரில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்திலேயே சிலிண்டர் வெடித்து ஓர் ஆய்வாளர் இறந்தார். நாட்டின் முதல் வரிசை நிறுவனம் அது. கடைசி வரிசையை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். 2010-ல் டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் விரல்களை இழந்தார். அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் விசாரணையை மாணவரோடு நிறுத்திக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகத்தையும், ஆய்வுக்குப் பணம் கொடுத்த துறையையும் சேர்த்தே கேள்வி கேட்டது. நம் ஊரில் கமிட்டி கூடுவதற்கு முன்பே அறிக்கை தயார்: 'மாணவரின் கவனக்குறைவு.'

பிறகு பரிந்துரை. ஸ்காலர்களுக்கு ஒருநாள் விழிப்புணர்வுக் கருத்தரங்கு. குத்துவிளக்கு, பொன்னாடை, மதியம் பிரியாணி, மாலையில் சான்றிதழ். கண் கழுவும் குழாய்க்குத் தண்ணீர் இணைப்பு கொடுப்பது மட்டும் அடுத்த நிதியாண்டில் பரிசீலிக்கப்படும்.