மாப்ளே, சிக்கனத்துல ஒங்கள அடிச்சுக்க ஆளில்ல

வாங்க மாப்ள, உக்காருங்க. தக்காளி அஞ்சு ரூவா கொறயுதுன்னு டவுனு மார்க்கெட்டு வரைக்கும் புல்லட்ட உருட்டிக்கிட்டுப் போனீகளாமே! வண்டிக்குத் தண்ணியா ஊத்துறீக?

எங்க அண்ணன் மக எல்லாஞ் சொல்லிருச்சு. கடலை எண்ணெய் வெல கூடிப்போச்சுன்னு, பேரு ஊரு இல்லாத சில்லறை எண்ணெயத் தூக்குவாளியில வாங்கியாந்தீகளாம். அதுல என்ன கலந்திருக்குன்னு ஊத்துனவனுக்கே தெரியாது, ஒங்களுக்கு எதுக்கு அந்தக் கவலை? மஞ்சத்தூளும் பொட்டலத் தூளுதானாம். காரீயம் சேந்த பெயிண்டுச் சாயத்தக் கலந்து விக்கிற புண்ணியவானுகளும் இருக்காக மாப்ள. அதுவும் மஞ்சளாத்தான் இருக்கும். வெரலி மஞ்ச வாங்கி மில்லுல அரைச்சா ரொம்ப நாளைக்கு வரும். ஆனா அரைக்க நடக்கணுமே!

ரேஷன் கடைப் பக்கம் மட்டும் தல வச்சுப் படுக்க மாட்டீக. கௌரவம் கொறஞ்சுரும். 2011-லேருந்து அரிசி சும்மாவே குடுக்குறாக. மாசம் ஒரு கிலோ துவரம்பருப்பு 30 ரூவாய்க்கு. அதே பருப்ப நீங்க கண்ணாடிக் கதவு போட்ட கடையில நூத்துச் சொச்சம் குடுத்து வாங்கி, வெல கட்டலன்னு சாம்பார்ல பருப்பத் தேட வைக்கிறீக. அந்த ரேஷன் புழுங்கரிசி இட்லிக்குக் கணக்கா இருக்கும். அதுல மிஞ்சுற காசுக்கு முழு உளுந்து நல்லதா வாங்கிப் போடணும். நீங்க தலகீழு! அரிசியப் பளபளன்னு மூட்டையா எறக்கிட்டு, உளுந்துல கைய இறுக்கிப்புட்டீக. நேத்து ஒங்க வீட்டு இட்லிய ஒண்ணு கடிச்சுப் பாத்தேன். பத்து இட்லி இருந்தா ஊரணிப் படிக்கட்டக் கட்டி முடிச்சுறலாம்.

மீனுக்கு வருவோம். வஞ்சிரம் கட்டுபடியாகலன்னு வீட்டுல மீனே இல்லையாம். சரி, அலமாரியில ஒமேகா மாத்திரை டப்பா எதுக்கு? அந்த மாத்திரைக்குள்ள இருக்குறதே மத்தி, நெத்திலி மாதிரிப் பொடி மீனோட எண்ணெய்தான். மத்தி சல்லிசாக் கெடைக்குது. புளி கரைச்சு ஊத்துனா தெருவே மணக்கும். மொளகாய்த் தூளு தூக்கலாப் போடுங்க. நெஞ்சு முள்ளக் கூட மென்னுறலாம், சுண்ணாம்புச் சத்து. முள்ளு எடுக்கத் தெரியாதவுகதான் வஞ்சிரத்துக்கு ஏங்குவாக. ஏப்ரல் 15-லேருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், விசைப்படகு போகாது, வெல ஏறும். அப்பக் கருவாடு எதுக்கு இருக்கு?

கம்பங்கூழ ‘ஏழைச் சாப்பாடு’ன்னு ஒதுக்கிட்டு, 2023-ல சிறுதானிய ஆண்டுன்னு சொன்னாகன்னு கம்பு பிஸ்கட்டுப் பாக்கெட்டா வாங்கி அடுக்குற ஆளு நீங்க. ஒங்ககிட்டப் பேசி ஆகப் போறது ஒண்ணுமில்ல.

நாளைக்குக் காலையில மத்தி வாங்கியாங்க. அண்ணன் மகளுக்கு வேற சோலி கெடக்கு. செதிலு ஒரசிக் கழுவுறது நீங்கதான்.